கட்டைவிரல் பள்ளம்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. அது வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது, வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. தெருவில், கடையில், ஞாயிற்றுக்கிழமை நாணயச் சந்தையில், எங்கே போனாலும் அவர் வருஷக்காரர்தான். தேய்ந்து வழவழவென்று ஆகி, தான் பிறந்த வருஷமே மறந்துபோன காசை அவர் கையில் கொடுத்தால், வருஷத்தை வெளியே வரவழைத்துக் கொடுத்துவிடுவார். அதனால் வந்த பெயர். வயது அறுபதை நெருங்குகிறது. தலையும் அவருடைய காசுகளைப் போலவே தேய்ந்துவிட்டது என்று மனைவி சொல்வாள். அதற்கெல்லாம் அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

பிழைப்பு என்னவோ பித்தளையில். டாக்டர், வக்கீல் என்று வாசலில் பெயர் மாட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குத் தகட்டில் எழுத்துப் பொறித்துக் கொடுக்கும் கடை. மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள், இரண்டு பேர் நிற்கத்தான் இடம். எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் பூச்சு பூசி, காவி நிற ஆசிட்டில் தகட்டை முக்கினால், பூச்சு இல்லாத இடத்தை ஆசிட் தின்றுவிடும். எழுத்து பள்ளமாக விழும். தின்றதை ஆசிட் திரும்பக் கக்காது. ஒரு கொம்பு, ஒரு புள்ளி தப்பினாலும் தகடு பழைய சாமான் கடைக்குத்தான். அதனால் வாடிக்கையாளரை எதிரே உட்காரவைத்து, வரைந்த எழுத்தைக் காட்டி, "ஊத்தட்டுமா?" என்று மூன்று தடவை கேட்பது அந்தக் கடையின் பழக்கம். முதல் தடவை எல்லோரும் அவசரமாகச் சரி என்பார்கள். இரண்டாவது தடவை எரிச்சலோடு சரி என்பார்கள். மூன்றாவது தடவைதான் கண்ணைத் திறந்து படித்துப் பார்ப்பார்கள்.

காசு விஷயத்திலும் அவர் இந்தப் பழக்கத்தை விட்டதில்லை. காசு அடிக்கும்போது அச்சு ஓங்கி இறங்குகிறது. எண் விழும் இடத்தில் உலோகம் அமுங்கி இறுகிப் போகிறது. பிறகு அந்தக் காசு ஆயிரம் கை மாறி, எண் அடையாளம் தெரியாமல் தேய்ந்துபோனாலும், உள்ளே இருக்கும் இறுக்கம் போவதில்லை. ஒரு சொட்டு ஆசிட் விட்டால் இறுகிய இடத்தை ஒரு மாதிரியும் மற்ற இடத்தை வேறு மாதிரியும் தின்னும். கழுவித் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்தால் வருஷம் மங்கலாக எழுந்து நிற்கும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் அந்த இடத்தின் வழவழப்பு அதோடு சரி. சொரசொரவென்று, அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிடும்.

சந்தையில் அவருக்குப் பக்கத்தில் தட்டு பரப்புகிற வியாபாரிக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். சட்டைப் பொத்தானில் எப்போதும் ஒன்று தொங்கும். வருஷக்காரரிடம் வருகிறவர்களை அவர் யாரும் கேட்காமலேயே எச்சரிப்பார்.

"வருஷம் வந்துடும் சார், காசு போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து விக்க முடியாது, சொல்லிட்டேன்."

"அவர் சொல்றது நெஜம்தான்" என்று வருஷக்காரரும் ஒத்துக்கொள்வார். "ஊத்தினா திரும்ப எடுக்க முடியாது. ஊத்தட்டுமா?"

சரி என்பார்கள். மறுபடி கேட்பார். மறுபடியும் கேட்பார். மூன்றாவது தடவை கேட்கும்போது பாதிப் பேர் காசைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதில் அவருக்கு வருத்தம் கிடையாது, ஒரு பெருமைகூட உண்டு. அடுத்தவன் பொருளில் அனுமதி இல்லாமல் ஒரு சொட்டு விட்டதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். சொல்வார் என்பதைவிட, சொல்லிக்கொண்டிருந்தார் என்பதுதான் சரி.

வீட்டில் அவரும் மனைவியும் அக்காவும். அக்கா அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடம் அனுப்பியது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் விழித்திருந்தது எல்லாம் அவள்தான். கல்யாணமாகிப் போனபோது தம்பியையும் இடுப்பில் தூக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். "பொண்ணுதான கேட்டேன், ஒரு பையனையும் சேர்த்துக் குடுத்துட்டாங்களே" என்று அத்தான் சிரித்தாராம். சிரித்ததோடு சரி, ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பேருந்தில் கண்டக்டர் அவர். விடுமுறை நாட்களில் மச்சினனைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டியிருக்கிறார். காசு மேல் வருஷக்காரருக்குப் பித்துப் பிடித்ததே அத்தானின் தோல்பையைப் பார்த்துத்தான்.

அத்தான் போன பிறகு அக்கா தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். வாசலை ஒட்டிய அறை அவளுக்கு. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, சுவரில் சீருடை போட்ட அத்தான், அலமாரியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. கூட்டுக்குள் கண்ணாடி இருந்து யாரும் பார்த்ததில்லை. கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவாள். கூட்டுக்குள் இருந்தது ஒரு காசு.

அந்தக் காசின் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். அத்தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எழுபத்தி மூன்றாம் வருஷம், தையல் வகுப்புக்குப் போக ஒரு பெண் அவருடைய பேருந்தில் ஏறினாள். அவள் நீட்டிய காசை அவர் தோல்பையில் போடவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தன் காசு ஒன்றை எடுத்துத் தோல்பையில் போட்டார். அந்தப் பெண்தான் அக்கா. அதிலிருந்து அவர் சட்டைப்பையில் அந்தக் காசு இல்லாத நாள் கிடையாது. பேருந்து நெரிசலில் நின்றால், யாராவது சண்டைக்கு வந்தால், சும்மா யோசனையில் இருந்தால்கூட அவருடைய கட்டைவிரல் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கத்தில் பள்ளமே விழுந்துவிட்டது. நாலணாக் காசு அது, ஒரு முகத்தில் சிங்கம், இன்னொரு முகத்தில் மதிப்பும் அதன் கீழே வருஷமும். வருஷக்காரரின் கண்ணுக்கு அதில் ஒன்று எப்போதுமே உறுத்தும். கை மாறித் தேய்கிற காசு முழுசாகத் தேயும். இதிலோ சிங்கத்தின் பிடரி இன்னும் தெரிந்தது, மதிப்பு எண்ணும் தெரிந்தது, வருஷம் இருக்கவேண்டிய இடம் மட்டும் குழிந்து கண்ணாடியாக மின்னியது. மனுஷனுடைய விரல் பழக்கம் என்று நினைத்து விட்டுவிட்டார்.

மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கா அந்தப் பள்ளத்தில் தன் கட்டைவிரலை வைத்துக்கொள்வாள். "இதுல விரல வெச்சா அவர் கையப் புடிச்ச மாதிரியே இருக்கு" என்று ஒருமுறை சொன்னாள். சொன்ன பிறகு வெட்கம் வந்து, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஊர்க் காசுக்கெல்லாம் வருஷம் சொல்கிறவர் வீட்டில் ஒரு காசு வருஷமில்லாமல் இருந்தது. அது அவருக்குக் கை அரிப்பாகவே ஆகிவிட்டது. எழுபத்தி மூன்றாக இருக்குமா, அதற்கு முன்னால் அடித்ததாக இருக்குமா? ஒருநாள் மெல்ல வாயைக் கொடுத்துப் பார்த்தார்.

"அக்கா, இது எந்த வருஷத்துக் காசா இருக்கும்?"

"எந்த வருஷமா இருந்தா என்ன?"

"இல்ல, தெரிஞ்சா நல்லா இருக்குமேன்னு..."

"எனக்குத் தெரியும்டா. உனக்கெதுக்கு?"

ஊத்தட்டுமா என்ற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சரளமாக வரும் கேள்வி அது.

பிறகு அக்காவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஒரு கண்ணுக்கு உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார். அன்று காலை வார்டு வாசலில் நின்ற நர்ஸ், கையில் கழுத்தில் இருப்பதையெல்லாம் கழற்றச் சொன்னாள். அக்கா கடைசியாகக் கைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"பத்திரம்டா."

"என்கிட்ட குடுத்த காசு எங்கக்கா போயிடும்?" என்று அவர் சிரித்தார்.

மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். கடையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவர் கிளம்பினார். கடையில் மற்ற இருவரும் ஒரு வக்கீல் வீட்டுக்குத் தகடு மாட்டப் போயிருந்தார்கள். மேசை காலியாக இருந்தது. ஆசிட் குப்பி இருந்தது. சொட்டுக் குழாய் இருந்தது. கண் தெளிந்து வருகிறவள் கூட்டைத் திறந்ததும் முதல் முதலாக அந்த வருஷத்தைப் பார்க்கட்டும், எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அந்த நினைப்பு பொய் இல்லை. ஆனால் அதில் பாசம் எவ்வளவு, அரிப்பு எவ்வளவு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஊத்தட்டுமா என்று கேட்க எதிரே ஆள் இல்லை. தானே கேட்டு, தானே சரி சொல்லிக்கொண்டார். அதுவும் ஒரே ஒரு தடவை.

முதல் சொட்டில் பள்ளத்தின் அடியிலிருந்து ஏழு கிளம்பியது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்குப் பக்கத்தில் கடைசி எண் அரைகுறையாகத் தெரிந்தது. மூன்றா, எட்டா? வலது பக்கம் இரண்டு வளைவு இருந்தது. இடது பக்கம் ஒரு நிழல். மூன்று என்றால் கதை சரி. எட்டு என்றால் கதை சரியில்லை. எழுபத்தி மூன்றில் ஒரு பெண் நீட்டிய காசில் எழுபத்தி எட்டு எப்படி இருக்க முடியும்? மூன்றாகத்தான் இருக்கும், அந்த நிழல் அழுக்கு என்று இன்னொரு சொட்டு விட்டார். நிழல் கொஞ்சம் இறுகியது. இன்னும் ஒரு சொட்டு. வழிந்து ஓரத்துக்குப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை. மூன்றாக இருந்திருந்தால் முதல் சொட்டோடு நிறுத்தியிருப்பார். எட்டு மூன்றாகிவிடாதா என்ற நப்பாசையில் மேலே மேலே விட்டுக்கொண்டே இருந்தார். கழுவித் துடைத்துச் சாய்த்துப் பார்த்தபோது, தகட்டில் பொறித்த மாதிரி எட்டு தெளிவாக நின்றது.

அப்புறம்தான் கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். சொரசொரவென்று இருந்தது. கையைப் பிடித்த மாதிரி இருந்த இடம் உப்புத்தாள் மாதிரி ஆகியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அக்காவை மறுநாள்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது அவருக்குச் சாதகமாகப் போயிற்று. தன் டப்பாவைக் கவிழ்த்து அதே மாதிரி நாலணா ஒன்றைத் தேடி எடுத்தார். தகட்டுக்கு மெருகேற்றும் சக்கரத்தில் வைத்து வருஷத்தைத் தேய்த்தார். பள்ளம் எடுத்தார். பசை போட்டுத் தன் கட்டைவிரலால் வழவழப்பாக்கினார். நல்ல கைகாரர் அல்லவா, அசலைப் போலவே வந்தது. தன்மேல் தனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

அக்கா ஒரு கண்ணில் மறைப்போடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"குடுடா" என்று கையை நீட்டினாள்.

கொடுத்தார். கூட்டைத் திறந்து காசை எடுத்து, பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தாள். விரலை உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"பத்திரமா இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"சரி" என்று கூட்டை மூடினாள்.

தப்பித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, அகப்பட்டுக்கொண்டது அவர்தான் என்று. மாலையானால் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் காசை எடுப்பாள். அது யாருடைய விரல் பள்ளம்? இவருடைய விரல் பள்ளம். செத்துப்போன புருஷன் கை என்று நினைத்து, ஏமாற்றுக்காரத் தம்பி கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த அறையைத் தாண்டிப் போகவே அவருக்குக் கால் கூசியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை வழியாக வெளியே போனார்.

ஒருநாள் முழுக்க அத்தான் மேல் கோபப்பட்டுப் பார்த்தார். எழுபத்தி எட்டாம் வருஷத்துக் காசைக் காட்டி எழுபத்தி மூன்று என்று கதை விட்டிருக்கிறாரே, ஏமாற்றியது அவர்தானே, நான் என்ன பெரிதாகக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தால் கொஞ்சம் இதமாக இருந்தது. மாலையில் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பின்சீட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டிய மனுஷன் அதில் சிரித்துக்கொண்டிருந்தார். கோபம் அங்கேயே செத்துப்போயிற்று, வெட்கம்தான் மிஞ்சியது.

கெட்டுப்போன அசல் காசை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி கையில் அது சிக்கியது.

"என்னங்க இது, அண்ணியோட காசு மாதிரி இருக்கு?"

மென்று முழுங்கப் பார்த்தார், முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். மனைவி ஈரக் கையோடு அப்படியே உட்கார்ந்தாள்.

"ஊரான் காசுக்கு மூணு தடவ கேப்பீங்களே! இவங்களை ஒரு தடவ கேக்கத் தோணலையா?"

அவர் கையை நீட்டிக் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"போய்ச் சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது? கண்ணு ஆறுற வரைக்கும் அழக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"உங்களுக்கு வாய்ச்ச டாக்டர் ரொம்ப வசதியான டாக்டர்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். வீட்டில் அதற்குப் பிறகு அவருக்குச் சரியான டீகூடக் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனார். ஒருவர் தேய்ந்த காசு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அப்பா வைத்திருந்தது, வருஷம் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்றார். வருஷக்காரர் குழாயை எடுத்தார். வழக்கமான கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தார். காசை வந்தவர் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"வேணாம் சார். அப்படியே இருக்கட்டும்."

"என்னய்யா, கடைய மூடிட்டியா?" என்றார் பூதக்கண்ணாடி. "உன்னால ஒரு காசாவது பொழைச்சுதே, நல்லா இரு!"

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பார். மடக்கு நாற்காலியை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கண் மறைப்பை எடுத்த பிறகு சொட்டு மருந்து போட வேண்டியிருந்தது. அக்காவுக்குத் தானே விட்டுக்கொள்ள வராது. மனைவிக்குக் கை நடுங்கும். சொட்டு விடுவதில் யாருக்குக் கை தேர்ச்சி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆக அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. தினமும் அக்கா நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை விரித்துக் காட்டுவாள். இவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கண்ணை மட்டும் பார்த்துச் சொட்டு விட்டுவிட்டு ஓடிவிடுவார். இரண்டு மருந்து. முதல் மருந்துக்கும் இரண்டாவது மருந்துக்கும் நடுவே கொஞ்ச நேரம் விட வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் வாசலில் போய் நின்றுகொள்வார்.

அன்று காலை முதல் மருந்தை விட்டுவிட்டுத் திரும்பினார். அக்கா கண்ணை மூடியபடியே அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"எழுபத்தி எட்டு வந்துச்சா?" என்றாள்.

மருந்துக் குப்பி கையில் இருந்து நழுவப் பார்த்தது.

"அக்கா..."

"வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு." சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"நீ குடுத்தது அது இல்லன்னு கையில வாங்கின அன்னிக்கே தெரியும்டா. அவர் விரல் ஒரு பக்கமா சாஞ்சு தேய்க்கும். இது கிண்ணம் மாதிரி இருக்கு. நீயே வந்து சொல்லுவன்னு பார்த்தேன். நீ என்னடான்னா சமையல்கட்டு வழியா வெளிய போற."

"வருஷம்? அது எப்படி..."

"அந்தக் காச அவர் பையில போட்டதே நான்தான்" என்றாள் அக்கா.

பிறகு கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள். "முதக் காசு, நான் டிக்கெட்டுக்குக் குடுத்தது, அது எப்பவோ போயிடுச்சு. துவைக்கப் போட்ட சட்டையில இருந்திருக்கு, நான் பாக்காம உதறிட்டேன். சாக்கடையில போயிடுச்சு. கையவிட்டுத் துழாவிப் பார்த்தேன், கிடைக்கல. அவரு வர்றதுக்குள்ள சில்லறை டப்பாவுல தேடினேன். நாலணா ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. எழுபத்தி எட்டு. புதுசா பளபளன்னு இருந்துச்சு. மண்ணுல போட்டுத் தேய் தேய்னு தேச்சேன். நீ மெஷின்ல தேச்ச, நான் மண்ணுல தேச்சேன். ஒரே வயித்துல பொறந்தவங்கதானே."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அத்தானுக்குத் தெரியலையா?"

"கண்டக்டர்டா! கண்ண மூடிக்கிட்டே சில்லறை எண்ணுற மனுஷன். கையில எடுத்தார். வருஷத்தப் பார்த்தார். என் மூஞ்சியப் பார்த்தார். ஒண்ணும் கேக்கல, பையில போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டார்." அக்கா கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்தாள். "அதுக்கப்புறம்தான் அவர் விரல் அந்த ஒரே இடத்துக்குப் போக ஆரம்பிச்சுது. வருஷம் இருக்குற இடத்துக்கு. பஸ்ல, வீட்டுல, படுத்திருக்கும்போதுகூட. நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமா எட்டு போச்சு, அப்புறம் ஏழு போச்சு. எல்லாம் சுத்தமா அழிஞ்சப்புறம் ஒருநாள் எடுத்துக் காட்டுறார். 'பாரு, உன் காசு'ங்கிறார்."

வருஷக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தேய்கிற காசு ஏன் அந்த ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்தது என்று இத்தனை வருஷம் அவருக்குப் புரியவில்லை. பெண்டாட்டி முகம் வாடக்கூடாது என்று ஒரு மனுஷன் ஆயுசு பூராவும் உட்கார்ந்து அழித்த வருஷத்தை, கெட்டிக்காரத்தனமாக நாலு சொட்டில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். மூன்றாகிவிடாதா என்று வேறு அத்தனை சொட்டு விட்டிருந்தார். உலகத்தில் எத்தனையோ காசு இருக்கும்போது இந்த ஒரு காசில் அவர் கையை வைத்திருக்க வேண்டாம்.

"அவர் கேட்டுத் திட்டியிருந்தா ஒரு நாளோட போயிருக்கும்" என்றாள் அக்கா. "கேக்கவே இல்ல. அது ரொம்பக் கஷ்டம்டா. அதான் உன்கிட்ட கேட்டுட்டேன்."

"என்ன வேணும்னாலும் திட்டிடுக்கா."

"எங்க அது? குடு."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா கட்டைவிரலை வைத்தாள். வைத்ததும் விரல் சட்டென்று பின்னால் வந்தது. மறுபடி வைத்தாள். அங்கேயும் இங்கேயும் நகர்த்தி, எங்கேயாவது ஒரு மூலையிலாவது பழைய வழவழப்பு மிச்சம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. அவள் உதடு கோணியது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. டாக்டர் அழக்கூடாது என்று சொன்னதை ஞாபகப்படுத்த அவருக்கு யோக்கியதை இல்லை. அவரும் அழுதார்.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பக்கா."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் கேக்கல."

அக்கா சொரசொரப்புக் காசைக் கூட்டுக்குள் போட்டு மூடினாள். அவர் செய்த காசை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இத நீ வெச்சுக்க" என்றாள். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மனைவி அறை வாசலில் வந்து நின்று இருவரையும் பார்த்துவிட்டு, "இன்னொரு மருந்து பாக்கி இருக்குல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்தாள். கண்ணைத் திறக்கவில்லை. அவர் எழுந்து நின்று, இரண்டாவது மருந்தின் மூடியைக் கழற்றினார்.

"ஊத்தட்டுமாக்கா?" என்று கேட்டார்.

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று.

"ஊத்தட்டுமா?"

அதற்கும் பதில் இல்லை. அவர் குப்பியைப் பிடித்தபடி நின்றார். வேண்டாம் என்றால் மூடி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார். கடைசியாக ஒரு தடவை "ஊத்தட்டுமாக்கா?" என்று கேட்டார்.

அக்கா கண்ணைத் திறந்து அவரை நேராகப் பார்த்தாள். புரை போன கண்ணில் தம்பி முகம் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஊத்து" என்றாள்.